ஃபிரான்சைஸ் எடுக்கும் முன் கடிகாரத்தைப் பாருங்கள்: மீண்டும் வேலைக்கு வரும் பெற்றோருக்கு

என் மகள் இரண்டாம் வகுப்புக்குப் போன வருடம், மறுபடி சம்பாதிக்கலாம் என்று முடிவெடுத்தேன். நடுவில் ஏழு வருட இடைவெளி. கணக்குப் பிரிவு வேலைக்குப் போன இடமெல்லாம் "இத்தனை நாள் என்ன பண்ணீங்க?" என்றே கேட்டார்கள். அந்தச் சலிப்பில்தான் ஃபிரான்சைஸ் பக்கம், அதாவது ஒரு கம்பெனிக்குக் கட்டணம் கட்டி அதன் பெயரிலும் முறையிலும் நாமே கிளை நடத்துவதன் பக்கம், கண் போனது. ஒரு கண்காட்சியில் அபாகஸ் பயிற்சிக் கம்பெனியின் ஸ்டாலில் உட்கார வைத்து ஜூஸ் கொடுத்தார்கள். "உங்க ஏரியாவை இன்னொருத்தரும் கேட்டுட்டு இருக்காங்க மேடம், இன்னைக்கே புக் பண்ணிடுங்க" என்றார்கள். 25,000 ரூபாயை ஜிபே செய்துவிட்டு வீட்டுக்கு வந்து ரசீதைத் திருப்பிப் பார்த்தால், 'திருப்பித் தரப்படாது' என்று பொடி எழுத்தில் போட்டிருந்தது.

அந்தப் பணம் போனது போனதுதான். நான் பின்வாங்கியதற்குக் காரணம் பணம் இல்லை, நேரம். வகுப்புகள் மாலை நாலரை முதல் ஏழரை வரை. சனி, ஞாயிறு முழு நாள். அதாவது என் மகள் வீட்டில் இருக்கும் நேரம் முழுவதும் நான் மற்றவர்கள் பிள்ளைகளுக்கு மணி உருட்டக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருப்பேன். அவள் பள்ளியில் இருக்கும் நேரத்தில் எனக்கு வேலை இருக்காது. இதை ஸ்டாலில் யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

இப்போது கோவை வடவள்ளியில் ஒரு மழலையர் பள்ளியை ஃபிரான்சைஸ் முறையில் நடத்துகிறேன், இது நான்காவது வருடம். இங்கே 'நீங்கள்' என்று நான் எழுதுவது அம்மாக்களை மட்டும் நினைத்து இல்லை. பிள்ளைக்காக வேலையை விட்ட அப்பாக்களும் இப்போது இருக்கிறார்கள்.

முதலில் ஒரு கால அட்டவணை

பிராண்டு பெயர்களைப் பார்ப்பதற்கு முன் ஒரு தாளில் ஏழு நாளையும் எழுதி, உங்கள் பிள்ளை எந்தெந்த மணிக்கு வீட்டில் இருக்கும் என்று கட்டம் போடுங்கள். பிறகு ஒவ்வொரு தொழிலையும் அந்தக் கட்டத்தின் மேல் வைத்துப் பாருங்கள். டீக்கடை, காபிக்கடை என்றால் காலை ஆறு மணிக்கே பால் வந்துவிடும். மாஸ்டர் வராத நாளில் நீங்கள்தான் மாஸ்டர். அழகு நிலையம் என்றால் ஞாயிற்றுக்கிழமையும் முகூர்த்த நாட்களும் உங்களுடையவை அல்ல. டியூஷன், அபாகஸ், கையெழுத்துப் பயிற்சி, நடன வகுப்பு எல்லாம் மாலை வியாபாரம். மழலையர் பள்ளி காலை ஒன்பதரைக்குத் தொடங்கி மதியத்தில் முடியும், கேட்கவே சுகம். ஆனால் ஏப்ரல், மே மாதங்களில் அட்மிஷனுக்காக வெயிலில் அலைய வேண்டும். அதே மாதங்களில்தான் உங்கள் பிள்ளைக்கும் விடுமுறை.

பிள்ளைகளுக்கான கல்வித் தொழிலில் பெற்றோர் அதிகம் நுழைவதில் ஆச்சரியமில்லை. இன்று பல நாடுகளில் மையங்கள் உள்ள கூமோன், 1954-ல் ஜப்பானில் ஒரு கணக்கு ஆசிரியர் தன் மகனுக்காக எழுதிய பயிற்சித்தாள்களில் தொடங்கியது. பிள்ளைக்குச் சொல்லித்தரப் பிடிக்கும் என்பது நல்ல தகுதிதான். அதற்காக உங்கள் மாலை நேரம் தானாகக் காலியாகிவிடாது.

அட்டவணையை வீட்டில் எல்லோர் முன்னாலும் வைத்துப் பேசுங்கள். பள்ளி வேனிலிருந்து பிள்ளையை இறக்கப் போவது யார்? காய்ச்சல் வந்தால் வீட்டில் இருக்கப் போவது யார், சென்டரைத் திறக்கப் போவது யார்? "அத்தை பார்த்துப்பாங்க" என்று கணவர் சொன்னால், அத்தையிடமே நேரில் கேட்டுவிடுங்கள். என் மாமியார் "காலையில பார்த்துக்கிறேன், சாயங்காலம் எனக்குக் கோயில் இருக்கு" என்று தெளிவாகச் சொல்லிவிட்டார். அந்த ஒரு வாக்கியம் எனக்கு மாலைத் தொழில்கள் அத்தனையையும் பட்டியலிலிருந்து அடித்துவிட்டது.

கம்பெனி நிஜமா என்று பார்ப்பது

அமெரிக்காவில் ஃபிரான்சைஸ் விற்கும் கம்பெனி, கையெழுத்துக்குக் குறைந்தது 14 நாட்கள் முன்பே தன் வரலாறு, வழக்குகள், கட்டணங்கள் எல்லாவற்றையும் ஆவணமாகக் கொடுத்தாக வேண்டும். இந்தியாவில் ஃபிரான்சைஸுக்கென்று தனிச் சட்டம் கிடையாது. 1872-ம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம், 1999-ன் வர்த்தக முத்திரைச் சட்டம் போன்ற பொதுச் சட்டங்களின் கீழேதான் இது வருகிறது. கம்பெனி உங்களிடம் எதையும் தானாகச் சொல்லக் கடமைப்பட்டதில்லை என்று வைத்துக்கொண்டே நடங்கள். தோண்டுவது நம் வேலை.

வீட்டிலிருந்தே ஒரு மதியத்தில் முடிக்கக்கூடிய சோதனைகள் இவை. வர்த்தக முத்திரைப் பதிவகத்தின் இணையதளத்தில் பிராண்டு பெயரைத் தேடுங்கள். அங்கே தொழில்களை வகுப்பு எண்களாகப் பிரித்திருப்பார்கள்: கல்விக்கு 41, உணவகத்துக்கு 43. 'ரெஜிஸ்டர்டு' என்று இருந்தால் நல்லது. 'அப்ஜெக்டட்', 'அப்போஸ்டு' என்று இருந்தால் அந்தப் பெயருக்கே இன்னும் உரிமை உறுதியாகவில்லை என்று பொருள். பெயருக்குப் பக்கத்தில் டிஎம் என்று யார் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம். வட்டத்துக்குள் ஆர் போடப் பதிவு வேண்டும். பிறகு கம்பெனி விவகார அமைச்சகத்தின் தளத்தில் கம்பெனி எப்போது தொடங்கப்பட்டது, இயக்குநர்கள் யார் என்று பாருங்கள். 'பதினைந்து வருட அனுபவம்' என்று சொல்லும் கம்பெனி அங்கே இரண்டு வயதுக் குழந்தையாக இருக்கலாம். ஜிஎஸ்டி எண்ணைப் போட்டால் பதிவு உயிரோடு இருக்கிறதா என்று தெரியும். இ-கோர்ட்ஸ் தளத்தில் கம்பெனி பெயரைப் போட்டால் வழக்குகள் வரும்.

எல்லாவற்றையும்விட எனக்கு உதவியது கூகுள் மேப்ஸ். பிராண்டு பெயரோடு ஒவ்வொரு ஊர்ப் பெயரையும் சேர்த்துத் தேடினேன். 'நிரந்தரமாக மூடப்பட்டது' என்று வந்த கிளைகளைத் தனியாகக் குறித்து, அந்தப் பழைய தொலைபேசி எண்களுக்கு ஒவ்வொன்றாக அழைத்தேன். மூடியவர்கள் மனம் விட்டுப் பேசுகிறார்கள். கம்பெனியே கொடுக்கும் 'வெற்றிக் கிளை' எண்களில் பேசினால் வாழ்த்துரைதான் கிடைக்கும்.

நடத்திக்கொண்டிருப்பவர்களை நேரில் பாருங்கள், அதுவும் கூட்டம் வரும் நேரத்தில். பொள்ளாச்சியில் ஒரு பெரியம்மா எனக்குச் சொன்னது: "லாபம் எத்தனைன்னு கேட்டா ஆரும் சொல்ல மாட்டாங்க கண்ணு. மறுபடி ரினீவல் போடுவீங்களான்னு கேளு, மூஞ்சியிலயே தெரிஞ்சுரும்." அதோடு நான் கேட்டவை: புத்தகம், பொருட்கள் நேரத்துக்கு வருகின்றனவா? முதல் வருடம் கையிலிருந்து எவ்வளவு போட்டீர்கள்? பக்கத்திலேயே இன்னொரு கிளை கொடுத்தார்களா?

இரண்டு வகையை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடலாம். ஒன்று, போலி இணையதளங்கள். பிரபலமான பிராண்டின் பெயரில் தளம் அமைத்து, விண்ணப்பக் கட்டணம், உரிமக் கட்டணம் என்று தவணை தவணையாகக் கறப்பார்கள். அமுல் போன்ற நிறுவனங்களே தங்கள் பெயரில் நடக்கும் இந்த மோசடி பற்றி எச்சரித்திருக்கின்றன. பணம் போய்விட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு அழையுங்கள். இன்னொன்று, "பணம் மட்டும் போடுங்க, கடையை நாங்க நடத்துறோம், மாசாமாசம் இவ்வளவு நிச்சயம்" என்பது. கம்பெனியே நடத்தும் முறை என்று ஒன்று நேர்மையாகவும் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் லாபம் வருகிறதா இல்லையா என்று பாராமல் நிச்சயத் தொகை தருவதாகச் சொன்னால் அது வியாபாரம் இல்லை, டெபாசிட். 2012-ல் பெருந்துறைப் பக்கம், மாதாமாதம் நிச்சயத் தொகை வரும் என்று நம்பி ஈமு கோழிப் பண்ணையில் பணம் போட்டுவிட்டுத் தவித்தவர்களைக் கொங்குநாட்டுக்காரர்களுக்கு நான் நினைவூட்ட வேண்டியதில்லை.

கம்பெனி காட்டாத கணக்கு

அன்றைக்கு அந்த ஸ்டாலில் நான் போட்டிருக்க வேண்டிய கணக்கு இது. தொகைகள் உதாரணத்துக்குத்தான், உங்கள் ஊர் வாடகையையும் உங்கள் கம்பெனியின் சதவீதத்தையும் போட்டுக்கொள்ளுங்கள்.

ஒரு அபாகஸ் சென்டர். மாணவருக்கு மாதம் 1,000 ரூபாய் கட்டணம், 60 மாணவர்கள், ஆக வரவு 60,000. ராயல்டி, அதாவது வரவில் கம்பெனிக்குப் போகும் பங்கு, 25 சதவீதம் என்றால் 15,000. அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 2,700. வாடகை 12,000, பகுதிநேர ஆசிரியர்கள் இருவருக்கு 14,000, கரண்ட், இணையம், துப்புரவுக்கு 4,000, நோட்டீஸும் சிறு விழாக்களும் 3,000. மொத்தச் செலவு 50,700. கையில் நிற்பது 9,300 ரூபாய். உங்கள் சம்பளமும் அதற்குள்தான்.

போட்ட முதல்? ஃபிரான்சைஸ் கட்டணம் 2 லட்சம், அதற்கு ஜிஎஸ்டி 36,000. ஆறு மாத வாடகை அட்வான்ஸ் 72,000. பெஞ்சு, போர்டு, பெயின்ட், பெயர்ப்பலகை 1,20,000. மொத்தம் 4,28,000. அட்வான்ஸ் திரும்பி வரும் என்று கழித்தாலும் 3,56,000. மாதம் 9,300 வீதம் அதை மீட்க 38 மாதங்களுக்கு மேல் ஆகும். பல ஒப்பந்தங்கள் மூன்று வருடம்தான், அதாவது 36 மாதம். போட்டது திரும்புவதற்குள் புதுப்பித்தல் கட்டணம் வந்து நிற்கும். இதுவும் முதல் நாளே 60 பிள்ளைகள் சேர்ந்தால்தான்.

அப்படிச் சேர மாட்டார்கள். ஒரு மாணவரின் 1,000 ரூபாயில் ராயல்டியும் அதன் வரியும் போக நமக்கு நிற்பது 705. மாறாத செலவு 33,000. ஆக 47 பிள்ளைகள் சேர்ந்தால்தான் கைக்கும் வாய்க்கும் சரி. முதல் ஆறு மாதம் 20 பேரே வந்தால் மாதம் 18,900 ரூபாய் கையிலிருந்து போகும், ஆறு மாதத்துக்கு 1,13,400. ஒரு ஆசிரியருக்குப் பதில் நீங்களே சொல்லிக்கொடுத்தால் 37 பிள்ளைகளில் சமமாகும். ஆனால் அது உங்கள் உழைப்பு. கம்பெனி "2 லட்சம் முதலீடு" என்று சொன்னது மொத்தத்தில் ஐந்தரை லட்சத்துக்குப் பக்கத்தில் வந்து நிற்பதைப் பாருங்கள்.

அந்த ஜிஎஸ்டி விஷயத்தைக் கொஞ்சம் விளக்க வேண்டும். "கட்டின ஜிஎஸ்டியைத் திரும்ப எடுத்துக்கலாம் மேடம்" என்று விற்பவர் சொல்வார். எல்லோருக்கும் அது பொருந்தாது. சேவைத் தொழிலில் ஆண்டு வரவு 20 லட்சத்துக்குள் இருந்து நீங்கள் ஜிஎஸ்டி பதிவே எடுக்கவில்லை என்றால் எடுத்துக்கொள்ள வழியில்லை. மழலையர் பள்ளிக் கல்விக்கு ஜிஎஸ்டி விலக்கு உண்டு, அதனாலேயே கட்டின வரியைக் கழிக்கவும் முடியாது. சாதாரண உணவகங்களும் 5 சதவீத வரிமுறையில் இருப்பதால் அதே கதைதான். ஆக 18 சதவீதத்தைச் செலவாகவே எழுதுங்கள். உங்கள் ஆடிட்டர் வேறு மாதிரி சொன்னால் சந்தோஷம்.

இந்தக் கணக்கைப் பார்த்துவிட்டு "பிராண்டே இல்லாமல் வீட்டிலேயே பத்துப் பிள்ளைகளோடு தொடங்கலாமே" என்று தோன்றினால், தாராளமாக. ஃபிரான்சைஸில் நீங்கள் வாங்குவது பாடத்திட்டம், பெயர், பயிற்சி. அந்த மூன்றும் உங்களிடமே இருந்தால் ராயல்டி எதற்கு? எனக்கு மழலையர் கல்வி தெரியாது, அதனால் எனக்குத் தேவைப்பட்டது. நடந்துகொண்டிருக்கும் கிளையை ஒருவர் விற்க முன்வந்தால் அதையும் பாருங்கள். பிள்ளைகள் ஏற்கெனவே இருப்பார்கள், உண்மையான வரவு செலவு நோட்டும் இருக்கும். ஏன் விற்கிறார் என்று மட்டும் அக்கம்பக்கத்தில் விசாரித்துவிடுங்கள்.

ஒப்பந்தம்

வரைவை முன்கூட்டியே வாங்கி வந்து வீட்டில் படியுங்கள். வெளியே கொண்டுபோகக் கூடாது என்றால் நாமும் வெளியே வந்துவிடலாம். ஒப்பந்தங்களைப் பார்க்கும் வழக்கறிஞர் ஒருவருக்குக் கொடுக்கும் சில ஆயிரங்கள், நான் கண்காட்சியில் தொலைத்ததைவிடக் குறைவு.

மீண்டும் வேலைக்கு வருபவர் விரலை வைத்துத் தேட வேண்டிய பத்திகள் சில உண்டு. முதலாவது, கிளையை இன்னொருவருக்கு மாற்றிக்கொடுக்கும் உரிமை. கணவருக்கு ஓசூருக்கு டிரான்ஸ்ஃபர் வந்தால்? வீட்டில் பெரியவருக்கு முடியாமல் போனால்? மாற்றக் கட்டணம் எவ்வளவு, கம்பெனி எத்தனை நாளில் பதில் சொல்ல வேண்டும் என்று எழுதியிருக்க வேண்டும். என் முதல் வரைவில் அப்படி ஒரு பத்தியே இல்லை. கேட்டதும் சேர்த்தார்கள், கேட்காமல் சேர்க்க மாட்டார்கள்.

இரண்டாவது, குறைந்தபட்ச ராயல்டி. பிள்ளைகள் வந்தாலும் வராவிட்டாலும் மாதம் இவ்வளவு என்று இருந்தால், முதல் ஆறு மாதத்துக்காவது விலக்குக் கேளுங்கள். கோடை விடுமுறைக்கும் கேளுங்கள். ராயல்டி வசூலான தொகைக்கா, பில் போட்ட தொகைக்கா என்பதும் முக்கியம். கட்டணம் பாக்கி வைக்காத பெற்றோரை நான் இன்னும் பார்க்கவில்லை.

மூன்றாவது, எல்லை. 'வடவள்ளிப் பகுதி' என்று எழுதினால் அது எது வரை? மருதமலை ரோட்டின் இரண்டு பக்கமுமா? பின்கோடு போட்டோ, இத்தனை கிலோமீட்டர் சுற்றளவு என்றோ எழுத வேண்டும். கம்பெனியே உங்கள் பகுதிப் பிள்ளைகளுக்கு ஆன்லைன் வகுப்பு நடத்தினால் அதில் உங்களுக்குப் பங்கு உண்டா என்றும் கேளுங்கள்.

கையெழுத்துப் போட்ட வெற்று செக் கேட்டால் கொடுக்காதீர்கள். பிணக்கு வந்தால் அதை நிரப்பி வங்கியில் போட முடியும், பணம் இல்லாமல் திரும்பினால் செக் மோசடி வழக்கு உங்கள் மேல் வரும். வழக்காடும் இடம் டெல்லி, குருகிராம் என்று இருந்தால் கோவை அல்லது சென்னை என்று மாற்றச் சொல்லுங்கள். கைக்குழந்தையோடு டெல்லிக்கு யார் அலைவது? ஒப்பந்தம் முடிந்த பிறகும் இத்தனை வருடம் இதே தொழில் செய்யக் கூடாது என்ற பத்தி அநேகமாக எல்லாவற்றிலும் இருக்கும். ஒப்பந்தச் சட்டத்தின் 27-ம் பிரிவு தொழில் செய்வதைத் தடுக்கும் உடன்பாடு செல்லாது என்கிறது, அதனால் அதற்குப் பெரிதாகப் பயப்பட வேண்டாம். ஒப்பந்த காலத்துக்குள் விதிக்கும் தடை வேறு, அது செல்லும். அவர்கள் பெயரையும் புத்தகங்களையும் பிறகு பயன்படுத்த முடியாது என்பதும் நியாயம்தான்.

வாயால் சொன்னதை எல்லாம் அன்றிரவே மின்னஞ்சலாக எழுதி அனுப்புங்கள்: "இன்று பேசியபடி, முதல் பேட்ச் புத்தகங்கள் இலவசம், ஆசிரியர் பயிற்சி பத்து நாள், சரிதானே?" பதில் வரவில்லை என்றால் அதுவே ஒரு பதில்.

இடமும் அனுமதியும்

வீடாக இருந்த கட்டடத்தை எடுத்தால் ஈபி கனெக்‌ஷனைக் கமர்ஷியலாக மாற்ற வேண்டி வரும், சொத்து வரியும் ஏறும். இதை யார் கட்டுவது என்று வீட்டு உரிமையாளரிடம் முன்பே பேசிவிடுங்கள். வாடகை ஒப்பந்தத்தின் காலமும் ஃபிரான்சைஸ் காலமும் ஒத்துப்போக வேண்டும். வழக்கமான 11 மாத அக்ரிமென்டைப் போட்டுவிட்டு மூன்று வருட ஃபிரான்சைஸ் எடுத்தால், அடுத்த வருடம் வாடகை உங்கள் கையில் இல்லை. தமிழ்நாட்டில் 2019-ல் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டத்தின்படி ஒப்பந்தத்தை எழுத்தில் போட்டு வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும்.

உணவுத் தொழில் என்றால் உணவுப் பாதுகாப்புப் பதிவு அல்லது உரிமம், உள்ளாட்சியின் தொழில் உரிமம். மழலையர் பள்ளிக்குப் பட்டியல் நீளம். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணம் பள்ளித் தீயில் 94 குழந்தைகள் இறந்த பிறகு கட்டட விதிகள் இறுகின. மழலையர் பள்ளிகளுக்கென்று அரசு 2015-ல் தனி விதித்தொகுப்பும் கொண்டுவந்தது. கட்டட உறுதிச் சான்று, தீயணைப்புத் துறைச் சான்று, சுகாதாரச் சான்று எல்லாம் வாங்கி, பள்ளிக் கல்வித் துறையிடம் அங்கீகாரம் பெற வேண்டும். "லைசென்ஸ் எல்லாம் நாங்க பாத்துக்கறோம்" என்று கம்பெனி சொன்னாலும், அதிகாரி வந்து கேட்கும்போது வாசலில் நிற்கப் போவது நீங்கள். கட்டடத்துக்கு அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே, அந்தக் கட்டடத்துக்கு இந்தச் சான்றுகள் கிடைக்குமா என்று ஒரு பொறியாளரை அழைத்துவந்து காட்டுங்கள். எங்கள் முதல் கட்டடம் படிக்கட்டு குறுகலாக இருந்ததால் கைவிட வேண்டியதாயிற்று. அட்வான்ஸ் கொடுக்காததால் தப்பித்தோம்.

பணம் எங்கிருந்து

சிறுதொழிலுக்கு அரசுத் திட்டத்தில் வங்கிகள் தரும் முத்ரா கடனில் அடமானம் கேட்க மாட்டார்கள். சிசு 50,000 வரை, கிஷோர் 5 லட்சம் வரை, தருண் 10 லட்சம் வரை. தருண் கடனை ஒழுங்காகக் கட்டி முடித்தவர்களுக்கு 20 லட்சம் வரையும் உண்டு. சிறுதொழில்களுக்கான அரசின் உத்யம் பதிவு இலவசம். அதற்குக் கட்டணம் கேட்கும் தளத்தை மூடிவிடுங்கள். மானியத் திட்டங்களுக்கு மாவட்டத் தொழில் மையத்தில் நேரில் விசாரியுங்கள், மானியம் வரும் என்று நம்பி மட்டும் கணக்குப் போடாதீர்கள்.

ஏழு வருடம் சம்பளமே இல்லாதவரின் சிபில் அறிக்கையில், அதாவது கடன் வரலாற்றில், சொல்லும்படி எதுவும் இருக்காது. வங்கி மேலாளர் கணவரை இணை விண்ணப்பதாரராகக் கேட்பார். தவறில்லை, ஆனால் நடப்புக் கணக்கும் தொழில் பதிவும் உங்கள் பெயரில் இருக்கட்டும். நகையை வைப்பது அவரவர் விருப்பம். வீட்டுப் பத்திரத்தை மட்டும் வைக்காதீர்கள். இது என் கருத்து, ஆனால் பிடிவாதமான கருத்து.

திறக்கும் நாள்

மழலையர் பள்ளி என்றால் ஜூனில் பிள்ளைகள் வந்து உட்கார வேண்டும். அதற்குப் பிப்ரவரியிலேயே போர்டு தொங்கியிருக்க வேண்டும். ஜூனைத் தவறவிட்டால் விஜயதசமிக்குச் சில பேர் சேருவார்கள், மற்றபடி ஒரு வருட வாடகை வீண். கம்பெனிக்கு உங்கள் கட்டணம் எந்த மாதம் வந்தாலும் ஒன்றுதான், அதனால் "ஆகஸ்டுல ஆரம்பிக்கலாமே மேடம்" என்பார்கள். டியூஷன் சென்டருக்கும் ஜூன், ஜூலைதான் வசந்தம். ஆடி மாதத்தில் திறக்க வீட்டில் சம்மதிக்க மாட்டார்கள் என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள், எங்கள் வீட்டில் அது நடந்தது. கடைசியில் ஆனி மாதத்துக்குள் அடித்துப்பிடித்துப் பால் காய்ச்சினோம். பெயர்ப்பலகை அடுத்த வாரம்தான் வந்தது.